தொண்ணூற்றிரண்டோடு நின்ற த்ராட்டில்

மொரியோகா
செப்டம்பர் 4, 2019

மதிப்பிற்குரிய ஹதானோ சான் அவர்களுக்கு,

இங்கே விடியற்காலையில் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்தால்தான் ரோடு தெரிகிறது. உங்கள் இமாபாரியில் இன்னும் வெயில் தணியவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பிரதாயம் முடிந்தது, இனி விஷயம்.

ஜோடிக்குள் மனக்கசப்பு வந்தால் அரட்டையில் கொட்டாமல் கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும் என்று நம் ‘பறக்கும் மீன்’ கணினி விமானக் குழுவில் கேப்டன் ஒரு விதி வைத்திருக்கிறார். ஆறு வருடமாக நாம் சேர்ந்து பறக்கிறோம். நீங்கள் முன்னால், நான் பின்னால். இதுவரை நமக்கு அந்த விதி தேவைப்படவில்லை. இன்று தபால் தலை வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 20 அன்று ஜாய்ஸ்டிக்குக்கும் த்ராட்டிலுக்கும் புதிய அமைப்பு ஒன்றை அனுப்பினீர்கள். "போட்டுக்கோங்க, ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க" என்றீர்கள். நானும் கேட்கவில்லை. முன்னால் பறப்பவர் அமைப்பு செய்வார், பின்னால் பறப்பவர் அதை அப்படியே போட்டுக்கொள்வார், இருவர் கையிலும் எல்லாப் பொத்தானும் ஒரே இடத்தில் இருக்கும். அப்போதுதான் சண்டை நடுவே நீங்கள் "கட்டைவிரல் மேல" என்று மட்டும் கத்தினால் என் விரல் தானாகப் போகும். இது நம் குழுவின் பழக்கம். அந்த ஃபைலைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்பதும் பழக்கம்தான்.

போன ஞாயிறு பயிற்சியில் குசுனோகி என்னை வால் பக்கமாக வந்து சுட்டு வீழ்த்தினார். பல் மருத்துவர், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் த்ராட்டிலைக் கடைசி வரை தள்ளியும் விமானம் ஓடவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, இரண்டாவதாகப் பறக்கும் என்னிடம் நீங்கள் சொன்னது இது: "ரெண்டு, எங்க போயிட்டீங்க? ஸ்டாப்புல நிறுத்தி ஆள் ஏத்துறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஃபைலைத் திறந்தேன்.

ஒன்று, ஜாய்ஸ்டிக்கின் நடுவில் பெரிய செவிட்டு வளையம் வைத்திருக்கிறீர்கள். அந்த வளையத்துக்குள் குச்சியை எப்படி அசைத்தாலும் விமானத்துக்குக் கேட்காது. முன்பு இரண்டு விழுக்காடு இருந்தது, இப்போது பதினான்கு. இரண்டு, த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் தொண்ணூற்றிரண்டில் நிற்கும்படி எழுதியிருக்கிறது. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால்தான் வாலில் நெருப்புப் பிடித்து முழு வேகம் வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

நான் பகலெல்லாம் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பெடலில் ஒரு நூல் பிசகினாலும் என் காலுக்குத் தெரிந்துவிடும். இது கை தவறி விழுந்த எண் இல்லை. நவம்பர் 3 போட்டிக்குக் குழுவிலிருந்து ஒரே ஒரு ஜோடிதான் போகும். என்னைக் கழற்றிவிட்டு குசுனோகியைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் நேராகச் சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் விமானம்தானே என்று என் தங்கை கேலி செய்வாள். அவளுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும் என்று நினைத்திருந்தேன்.

ஓய்காவா மிட்சுயே

*

இமாபாரி
செப்டம்பர் 9

ஓய்காவா சான்,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை. திட்டுகள்கூட வரிசையில் நிற்கின்றன.

குசுனோகி நல்ல பையன், ஆனால் அவரோடு ஜோடி சேரும் எண்ணம் எனக்கு இல்லை. பறக்கும்போது வாய் மூடாத ஆள். எதிரி வருகிறான் என்பதை ஒரு சொற்பொழிவாகச் சொல்வார். அதற்குள் சுட்டுவிடுவார்கள்.

செவிட்டு வளையத்துக்குக் காரணம் சாதாரணமானது. என் ஜாய்ஸ்டிக் பழசு. அடியில் அசைவை அளக்கும் சில்லு தேய்ந்துபோய், குச்சி சும்மா இருக்கும்போதே நடுங்குவதாகக் கணினிக்குச் சொல்கிறது. வளையத்தைப் பெரிதாக்கினேன், நடுக்கம் அடங்கிவிட்டது. எனக்கு ஒன்று உங்களுக்கு ஒன்று என்று வைத்தால் ஜோடிப் பழக்கம் என்ன ஆவது? அதனால் உங்களுக்கும் அதையே அனுப்பினேன். த்ராட்டில் எண்ணைப் பார்க்கிறேன். எங்காவது இடறியிருக்கும்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆறு வருடமாகத் திறக்காத ஃபைலை இப்போது ஏன் திறந்தீர்கள்? வேறு யாரிடமாவது காட்டினீர்களா? போன வாரம் கேப்டன் என்னிடம் திடீரென்று, "ஹதானோ சான், ஓய்காவா சானும் முன்னாடி பறக்கலாமே, எவ்வளவு நாள் பின்னாடியே வருவாங்க?" என்று கேட்டார். அந்தப் பேச்சு அவருக்கு எங்கிருந்து வந்தது? என் இடம் வேண்டுமென்றால் நீங்களும் நேராகக் கேட்கலாம்.

ஜாய்ஸ்டிக்கை மாற்றும்வரை இந்த அமைப்பே இருக்கட்டும்.

ஹதானோ

*

மொரியோகா
செப்டம்பர் 14

ஹதானோ சான்,

கேப்டனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உங்கள் இடத்தைக் கேட்டால் உங்களிடமே கேட்பேன்.

சில்லு தேய்ந்தது என்று நீங்கள் எழுதியதை நம்பத்தான் பார்த்தேன். ஆனால் எங்கள் டிப்போவில் வண்டியை எடுக்கும் முன் நாற்பது இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் புத்தி விடாது. நம் பயிற்சிகள் எல்லாம் பதிவாகிக் குழுவின் பெட்டியில் கிடக்கின்றனவே, ஏப்ரலிலிருந்து எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். உங்கள் விமானத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன்.

நேராகப் பறக்கும்போது உங்கள் இறக்கையின் ஓரத் தகடுகள் படபடவென்று துடிக்கின்றன. நொடிக்கு ஐந்து முறை. ஏப்ரலில் கொஞ்சம், ஜூனில் நிறைய. ஆகஸ்ட் 20க்குப் பிறகு சுத்தமாக இல்லை, வளையம் விழுங்கிவிட்டது. இதுவரை நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறது.

ஜூன் 18 பதிவில் நீங்கள் "பார்சல் வந்திருக்கு, ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனீர்கள். நாற்பது நொடி உங்கள் விமானம் தானாகப் பறந்தது. அந்த நாற்பது நொடியும் தகடுகள் துளிகூட அசையவில்லை. சில்லு தேய்ந்திருந்தால் ஆள் இல்லாதபோதும் துடித்திருக்கும். நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி துடிப்பு. ஆக, நடுங்குவது சில்லு இல்லை, அதைப் பிடித்திருக்கும் கை.

இனி எழுதப்போவதற்குக் கோபித்துக்கொள்வீர்கள். நாங்கள் தினமும் காலையில் கருவியில் ஊதி, குடிக்கவில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் சாவியை வாங்குகிறோம். குடிக்கிறவர்களின் கையை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கிரேன் ஓட்டுகிறவர். கப்பல் தகட்டைத் தூக்கி மனிதர்களின் தலைக்கு மேலே கொண்டுபோகிற வேலை. அந்தக் கையோடு மேலே ஏறுகிறீர்களா?

த்ராட்டில் எண்ணைப் பார்ப்பதாக எழுதினீர்கள். நான் முதலில் எழுதிப் பத்து நாளாகியும் அது தொண்ணூற்றிரண்டில்தான் இருக்கிறது.

மிட்சுயே

*

இமாபாரி
செப்டம்பர் 19

ஓய்காவா மிட்சுயே அவர்களுக்கு,

என் மனைவி பிரிந்துபோன வருடம் நான் குடியை விட்டேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. புத்தாண்டுக்கு எல்லோரும் ஊற்றிக்கொள்ளும்போது பார்லி டீ குடிக்கிற ஆள் நான். இதைக் குழுவில் யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இப்போது சொல்ல வைத்துவிட்டீர்கள். நன்றி.

ஒரு மனிதனின் இறக்கையை நொடிக்கு ஐந்து முறை என்று எண்ணி எடுத்திருக்கிறீர்களே, இது என்ன வேலை? போலீஸில் சேர்ந்திருக்கலாம், பஸ் ஓட்டி வீணாகிறீர்கள். ஆறு வருடம் என் பின்னால் பறந்தது என் முதுகைக் கண்காணிக்கத்தானா?

கிரேனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? எங்கள் லிவருக்குப் பல் உண்டு. ஒவ்வொரு பல்லிலும் நின்று நின்றுதான் நகரும். கை ஆடினால் லிவர் ஆடாது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு கீறல் விழவிடாதவன் நான். அந்த ஆட்டமும் இழுத்துப் பிடித்தால் நின்றுவிடுகிறது, சும்மா வைத்தால்தான் வருகிறது.

ஃபைலை அழித்துவிடுங்கள். பழையதைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஜோடி முடிந்தது என்று ஞாயிற்றுக்கிழமை கேப்டனிடம் சொல்லிவிடுகிறேன்.

ஹதானோ யோஷினாரி

*

மொரியோகா
செப்டம்பர் 24

ஹதானோ சான்,

குடி என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தலை குனிந்து கேட்கிறேன். எழுதக் கூடாததை எழுதிவிட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். "இழுத்துப் பிடித்தால் நின்றுவிடுகிறது, சும்மா வைத்தால்தான் வருகிறது" என்று கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எத்தனை மாதமாக?

எங்கள் டிப்போவில் சிதா என்று ஒருவர் இருந்தார். எனக்கு ரூட் பழக்கியவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டீ குடிக்கப் போவோம். அவர் மடியில் கை சும்மா கிடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடும். நான் பார்ப்பது தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் முழங்காலை இறுக்கிப் பிடிப்பார், ஆட்டம் நின்றுவிடும். "குளிருதும்மா" என்பார். ஆகஸ்ட் மாதத்தில் குளிருகிறது என்றார். நான் "ஆமா, குளிருது" என்றேன். ஒரு வருடம் அப்படியே சொன்னேன். பிறகு நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டும்போது ஒரு அம்மாளை இடித்துவிட்டார். உயிர் போகவில்லை, இடுப்பு எலும்பு போயிற்று. அந்த அம்மாள் இன்னும் என் பஸ்ஸில்தான் ஏறுகிறாள். ஏறி முடிக்கும்வரை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால் இந்த முறை நான் குளிருது என்று சொல்லப் போவதில்லை.

இந்தக் கடிதம் 26ஆம் தேதி உங்களுக்குக் கிடைக்கும். அதிலிருந்து பத்து நாள். அதற்குள் நீங்களே கம்பெனியில் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். சொல்லவில்லை என்றால் உங்கள் கப்பல் கட்டும் தளத்துக்கு நான் எழுதுவேன். முகவரி கண்டுபிடித்துவிட்டேன். மிரட்டல் என்று நினைப்பீர்கள். மிரட்டல்தான்.

செவிட்டு வளையம் எதற்கு என்று இப்போது புரிகிறது. உங்கள் கைக்காக வைத்தீர்கள், பழக்கத்துக்காக எனக்கும் அனுப்பினீர்கள். தொண்ணூற்றிரண்டு எதற்கு என்று இன்னும் புரியவில்லை. நடுங்குகிற வலது கைக்கும் இடது கையில் இருக்கும் த்ராட்டிலுக்கும் என்ன சம்பந்தம்?

மிட்சுயே

*

இமாபாரி
அக்டோபர் 5

ஓய்காவா,

பெயருக்குப் பின்னால் மரியாதைக்குப் போடும் சான் போடவில்லை. தெரிந்துதான் போடவில்லை.

பத்து நாள் என்று எழுதினீர்கள். நேற்று எட்டாவது நாள். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பாதுகாப்பு அதிகாரி ரேடியோவில், "ஹதானோ சான், சுமைய இறக்கிட்டு ஆபீஸுக்கு வந்துட்டுப் போங்க" என்றார். போனேன். ஒரு காகிதத்தை என் முன்னால் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றார்.

நீட்டினேன். நீட்டும்போது ஆடாது, எனக்குத் தெரியும். அவர் தலையாட்டினார். பிறகு, "சரி, மடியில வெச்சுக்கோங்க, சும்மா பேசிக்கிட்டு இருப்போம்" என்று பேஸ்பால் பற்றிப் பேசினார். ஐந்து நிமிடம் பேசினார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சும்மா வைத்தால்தான் வரும் என்று அவருக்கு யார் சொன்னது? உலகத்திலேயே ஒருவருக்குத்தான் அதை எழுதினேன்.

அன்றைக்கே கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருடம் ஏறிய ஏணி. இப்போது கருவிக் கிடங்கில் உட்கார்ந்து திருகாணிப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். சந்தோஷமா? வாக்கை மீறி எட்டு நாளில் எழுதிய நீங்கள் அடுத்த முறை யாருக்காவது கெடு வைத்தால் சரியாக எண்ணுங்கள்.

தொண்ணூற்றிரண்டு எதற்கு என்று கேட்டீர்களே, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது கை தவறி வந்த எண் இல்லை. உங்கள் ஃபைலில் மட்டும் எழுதினேன், என்னுடையதில் நூறு. ஜூலையிலிருந்து நீங்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் என்னைத் தாண்டிக்கொண்டிருந்தீர்கள். என் கை பிந்தியது. பின்னால் வருகிறவர் முன்னால் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் உங்கள் வேகத்தில் எட்டை வெட்டினேன். பிறகு ஸ்டாப்பில் ஆள் ஏற்றுகிறீர்களா என்று நானே கேலியும் செய்தேன்.

உங்கள் சந்தேகம் சரிதான். நல்லது. இரண்டு பேரும் சமம்.

ஹதானோ

*

மொரியோகா
அக்டோபர் 9

ஹதானோ சான்,

நான் எழுதவில்லை.

எழுதினேன், அனுப்பவில்லை. இதோடு இருக்கும் உறையைப் பாருங்கள். உங்கள் தளத்தின் முகவரி, ஒட்டிய உறை, தபால் தலை. அதன்மேல் அஞ்சல் முத்திரை இல்லை. ஆறாம் தேதிக்காக எழுதி வைத்தது. எட்டு நாளாக என் பையிலேயே இருந்தது. டிப்போ வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். உங்கள் கடிதம் வந்தபோதும் இது பையில்தான் இருந்தது. பிரித்துப் படியுங்கள், எரித்தும் விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதை எழுதும்போது எனக்குள் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்தது. உங்கள் கிரேனுக்குக் கீழே நிற்பவர்களுக்காக மட்டும் வந்த மகிழ்ச்சி இல்லை அது. அதனால்தான் பெட்டியில் போடக் கை வரவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூற்றிரண்டுக்கு உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. குசுனோகி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஃபைலைத் திறக்கும்வரை இரண்டு வாரம் நான் என் காலையும் கையையும் சந்தேகப்பட்டேன். நாற்பத்தோரு வயதாகிறது, கண் மங்குகிறதோ, பஸ்ஸிலும் பிந்துகிறேனோ என்று டிப்போ டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். அதை நீங்கள் எனக்குச் செய்தீர்கள்.

ஆனால் எட்டு நாள் கணக்கு என்னுடையது இல்லை. அந்த அதிகாரிக்கு யார் சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கையை நான் பார்த்ததே இல்லை, பதிவில் இறக்கையைத்தான் பார்த்தேன். தினமும் உங்கள் கொக்கிக்குக் கீழே நிற்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள்.

மிட்சுயே

*

இமாபாரி
அக்டோபர் 16

ஓய்காவா சான்,

இங்கே ஆரஞ்சுத் தோட்டங்களில் முதல் காய்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. ஒரு பெட்டி தனியாக அனுப்புகிறேன். இதைச் சமாதானப் பொருள் என்று நினைக்க வேண்டாம். இங்கே அக்டோபரில் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புவார்கள்.

உங்கள் உறையைப் பிரிக்கவில்லை. தபால் தலையை மட்டும் பார்த்தேன். உங்களைச் சந்தேகப்பட்டதற்கும், சான் போடாததற்கும் மன்னியுங்கள். த்ராட்டிலுக்கு மன்னிப்பு இப்போது கேட்கவில்லை. அதை நேரில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், எப்போது என்று தெரியாது.

23ஆம் தேதி மட்சுயாமாவில் நரம்பு டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள். கேப்டனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். போட்டியில் நீங்கள் முன்னால் பறக்கிறீர்கள், குசுனோகி பின்னால். அவருக்கான அமைப்பை நீங்கள்தான் செய்ய வேண்டும். சரியாகச் செய்யுங்கள், அவர் ஃபைலைத் திறந்து பார்க்கிற ஆள்.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். ஓச்சி என்று ஒருவர், கீழே நின்று ரேடியோவில் எனக்குச் சைகை சொல்பவர். பதினேழு வருடமாக அவர் குரல் என் காதுக்குள் இருக்கிறது. கிடங்குக்கு ஏதோ திருகாணி கேட்டு வந்தார். வந்தவர் போகாமல் நின்றார்.

"ஆபீஸுக்கு யாரு எழுதிக் கொடுத்தது, ஓச்சி?"

"நாங்கதான்."

"நாங்கன்னா?"

"கீழ நிக்கிற பதினோரு பேரும். கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தோம். சும்மா பேசிப் பாருங்க, மடியில வெச்சிருக்கும்போது பாருங்கன்னு நான்தான் சொன்னேன். கேன்டீன்ல எதிர்ல உக்காந்து சாப்பிடுறேனே, தெரியாதா?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏப்ரல்லேர்ந்து கொக்கி துடிக்குது. தகடு தொங்கும்போது அதிலயும் தெரியும்."

"லிவருக்குப் பல்லு இருக்கு, ஓச்சி."

"இருக்கு. முதப் பல்லுல ஏறி ஏறி இறங்குது. கீழேர்ந்து பாக்குறவனுக்குத் தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் திருகாணிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தோம். அதுவரைக்கும் தள்ளி நின்னுக்கலாம்னு பேசிக்கிட்டோம். புதுசா வந்தவங்களையும் தள்ளி நிக்க வெச்சோம்."

ஓய்காவா சான், நாற்பது மீட்டர் மேலே உட்கார்ந்து பார்த்தால் ஆட்கள் தெரியமாட்டார்கள், மஞ்சள் ஹெல்மெட்டுகள்தான் தெரியும். இந்த வசந்த காலத்திலிருந்து, நான் சுமையைத் தூக்கியதும் எல்லா ஹெல்மெட்டும் விலகிப் போய்த் தூரத்தில் வட்டமாக நிற்பதைப் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்கான ஆட்கள் வேறு எந்தத் தளத்திலும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜூலையில் காலைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது, எல்லோர் முன்னாலும் அவர்களை அதற்காகப் பாராட்டினேன். பதினோரு பேரும் தலை குனிந்து எனக்கு நன்றி சொன்னார்கள்.

ஹதானோ